முதலை வந்த வழி

மருதனார்மடத்துச் சந்தியிலிருந்து கூப்பிடு தொலைவில், சென்ற கோடையிற் புதிதாக ஒரு தோட்டக் கிணறு வெட்டினார்கள். செம்பாட்டு மண் ஓராள் ஆழத்துக்குள் முடிந்தது. அதன்கீழ் எங்கள் ஊர்க் கல் தொடங்கிற்று. அலவாங்கு கொண்டு பெயர்த்த கற்கள் வேலியோரத்திற் குவிந்து கிடந்தன. மாலையில் அவ்வழியே சென்ற என்னை வேலையாள் ஒருவர் மறித்து, "மாஸ்ரர், இதை ஒருக்காப் பாருங்கோ, கல்லுக்குள்ளே சிப்பி கிடக்குது" என்று ஒரு துண்டை நீட்டினார். நான் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள், அருகில் நின்ற மாணவன் விடை சொல்லிவிட்டான். "அது குமரிக்கண்டத்துச் சிப்பி அண்ணை. அந்த நாட்டைக் கடல் கொண்டதெல்லோ!"

பையன் கெட்டிக்காரன், பேச்சுப் போட்டிகளிற் பரிசு பெற்றவன். அவனை அவ்விடத்திலேயே திருத்த எனக்கு நா எழவில்லை. திருத்துவதற்குரிய விடை ஒரு வாக்கியத்தில் அடங்காது என்பது ஒரு காரணம். மற்றைய காரணத்தைச் சொல்லச் சிறிது வெட்கமாயிருக்கின்றது. அவ்விடையை ஒரு தலைமுறை மாணாக்கருக்குக் கற்பித்தவர்களுள் நானும் ஒருவன். இந்துமாகடலின் நடுவே பெருநிலம் ஒன்று இருந்ததென்றும், அது தாழ்ந்து மறைந்ததென்றும், ஆபிரிக்கப் பக்கத்திலும் இந்தியாவிலும் ஓரினத்து உயிர்கள் காணப்படுவது அதனாலேயே என்றும் கரும்பலகையிற் படம் வரைந்து காட்டியவன் நான். சுண்ணக்கட்டியால் வரைந்த கண்டத்தை அழிப்பது எளிது. மனத்தில் வரைந்ததை அழிக்க வேண்டுமாயின் அங்கே வேறொன்றை வரைய வேண்டும். அவ்வகையில் எனக்குத் துணைநின்றது முதலை. நம் ஊர்க் குளத்து முதலையை மட்டும் நினைத்து இதனைச் சொல்லவில்லை. கல்லாகிப்போன பழைய முதலைகளையே முதன்மையாக எண்ணிச் சொல்லுகின்றேன்.

கடல்கொண்ட கண்டம் என்னும் கருத்தை அறிவியலுக்குள் முதலிற் கொண்டுவந்தவர் தமிழர் அல்லர். 1864ஆம் ஆண்டில் பிலிப் ஸ்கிளேற்றர் என்னும் ஆங்கில உயிரியலறிஞர் மடகஸ்காரின் பாலூட்டிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் லெமூரியா என்ற பெயரை இட்டார். மடகஸ்காரிலே லெமூர் என்னும் விலங்குகள் மிகுதி, அவற்றின் சுற்றமான தேவாங்கு நம் இலங்கைக் காடுகளிலும் தென்னிந்தியாவிலும் உண்டு, இடையே கடல். தேவாங்கு நீந்தாது. ஆகவே இடையில் நிலம் இருந்திருக்க வேண்டும், இன்று அது இல்லையாதலால் மூழ்கியிருக்க வேண்டும் என்பது அவருடைய முடிபு. அக்காலத்துக்கு அது நேர்மையான தருக்கமே. நிலம் உயரும், தாழும் என்பதை அறிஞர் ஒப்பினர். நிலம் பக்கவாட்டில் நகரும் என்று அவர்களுட் பெரும்பாலோர் எண்ணவில்லை. 1885இல் கோண்டு மக்களின் நாட்டுப் பெயரைக் கொண்டு கோண்டுவானா நிலம் என்று பெயர் சூட்டிய சூயெஸ் என்பவருங்கூட, அந்நிலத்தின் இடைப்பகுதிகள் கடலுள் அமிழ்ந்தன என்றே கருதினார்.

பின்னர் நம்மவர் அக்கருத்தை எடுத்து, பழந்தமிழ் நூல்களும் உரைகளும் கூறும் கடல்கோட் செய்தியோடு பொருத்தினர். இரண்டும் ஒன்றுக்கொன்று சான்றாயின. ஒன்றை ஐயுற்றவன் மற்றொன்றை இகழ்ந்தவனானான். இடர் அங்கேதான் பிறந்தது.

அறிவியலார் அக்கண்டத்தை நெடுங்காலத்துக்கு முன்னரே கைவிட்டனர். 1912இல் அல்பிரட் வெக்னர் கண்டங்கள் நகர்கின்றன என்றார். அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று மெசோசோரஸ் என்னும் சிறிய ஊர்வன. ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அதன் எலும்புகள் பிறேசிலிலும் தென்னாபிரிக்காவிலும் கிடைக்கின்றன. அத்திலாந்திக் மாகடலை நீந்திக் கடக்கும் உடலமைப்பு அதற்கு இல்லை. நகர்த்தும் விசை யாது என்று அவரால் நிறுவ இயலாமையால் பலர் நகைத்தனர். 1960களிற் கடற்றளத்தை அளந்தவர்கள் அது நடுவே பிளந்து விரிவதைக் கண்ட பின்னரே நகைப்பு ஓய்ந்தது. இவையெல்லாம் இன்று பாடநூலில் உள்ளவை. நம் மாணவன் அவற்றைப் பரீட்சைக்குப் படித்துப் புள்ளியும் பெறுகின்றான். படித்துவிட்டு வெளியே வந்து மேடையேறியதும் மூழ்கிய கண்டத்தையே பேசுகின்றான். பாடநூலில் உள்ள மெசோசோரஸ் எங்கோ பிறேசிலில் உள்ளது. குமரிக்கண்டமோ நம் வீட்டு வாசலில் உள்ளது. வாசலில் உள்ளதே வெல்லும். ஆதலின், வாசலுக்கு அண்மையிலேயே உள்ள வேறொன்றை அவனுக்குக் காட்ட வேண்டும் என்பது என் கருத்து.

அது பாக்குநீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டில், அரியலூரை அடுத்த கல்லமேடு. காவிரிப் படுகை என்று புவிச்சரிதவியலார் வழங்கும் வண்டற் படுகையின் மேற்கு விளிம்பில் அவ்வூர் உள்ளது. அதே படுகை கிழக்கே கடலடியிற் சென்று ஈழத்தின் வடகரையை அணுகுகின்றது. ஆகவே கல்லமேட்டைப் பிறநாட்டு ஊர் என்று தள்ளிவைக்க வேண்டுவதில்லை. நம் கல்லின் கீழ்ப்பந்தியில் இருக்கும் உறவு அது. அரியலூர்ப் பாறைகளை ஆராய்ந்து ஹென்றி பிளான்போர்ட் 1862இல் அறிக்கை எழுதினார். பெரும்பகுதி கடற்பாறை; சங்கு போற் சுருண்ட அமோனைற்றுகளுக்கு அது பெயர்பெற்றது. அதன் மேற்பந்தியாகிய கல்லமேட்டுப் பாறை மட்டும் ஆறு கொணர்ந்த மணலும் களியும் படிந்தது. கிரற்றேசியக் காலத்தின் கடைக்கூற்றுக்கு, அதாவது ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. தரைவிலங்குகளின் எலும்பு அங்கேதான் கிடைக்கின்றது. 1929இல் மற்லி என்பவர் அப்பகுதித் தைனோசோர் எச்சங்களை விரித்து எழுதினார். 1980களின் பிற்பகுதியில் யாதகிரி, அய்யாசாமி என்னும் இருவர் இரண்டு மீற்றர் நீளமுள்ள காலெலும்போடு கூடிய ஒரு பேருருவத்துக்குப் புருகத்காயோசோரஸ் என்று பெயரிட்டனர். உலகில் வாழ்ந்த மிகப்பெரிய விலங்குகளுள் அது ஒன்றாயிருக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. இன்று அதனை எவரும் அளந்து பார்க்க இயலாது. ஈரத்தில் நொறுங்கி அவ்வெலும்புகள் அழிந்துபோயின. எஞ்சியவை சில கோட்டுப்படங்களும் நிழற்படங்களுமே. 7 கோடி ஆண்டு மண்ணுக்குள் இருந்தது, வெளியே எடுத்தபின் சில பருவமழைக்குத் தாங்கவில்லை. இச்செய்தியைப் படித்த நாள் முழுதும் எனக்கு வேறொன்றிலும் மனம் செல்லவில்லை.

அதே கல்லமேட்டில், 2013இல், ஜி. வி. ஆர். பிரசாதும் உடனாய்வாளரும் சிறு எலும்புகளையும் பற்களையும் திரட்டி வெளியிட்டனர். அவற்றுள் ஒன்று முதலைக் குலத்துக்குரியது. ஆனால் நாம் அறிந்த முதலை எதனையும் போன்றதன்று. அதனை ஒத்த விலங்கு மடகஸ்காரில் உண்டு. 2000ஆம் ஆண்டிற் பெயரிடப்பட்ட சிமோசூக்கஸ் என்பது அது. முக்கால் மீற்றர் நீளம், மழுங்கிய குறுமுகம், உடல் முழுதும் எலும்புத் தகடு வேய்ந்த கவசம், வாயிலே கிராம்பின் வடிவொத்த பற்கள். கூரிய பல்லால் இரையைப் பற்றி நீருள் இழுக்கும் முதலையை அறிந்த நமக்கு இதனை முதலையென்று சொல்ல வாய் கூசும். அது தரையில் நடந்து திரிந்தது. இலைதழைகளை மென்றிருக்கும் என்பது அறிஞர் கருத்து. கடலில் விட்டால் அன்றே மாண்டிருக்கும்.

ஈண்டு நம் வினாவுக்கு வந்துவிட்டோம். நீந்தாத முதலையின் சுற்றம் மடகஸ்காரிலும் அரியலூரிலும் இருந்தது எப்படி? ஸ்கிளேற்றர் தேவாங்கைக் கொண்டு கேட்ட அதே கேள்வி. அவர் அளித்த விடை, இடையில் இருந்த நிலம் மூழ்கியது என்பது. இன்றைய விடை, இடையில் ஒன்றும் இல்லை, இரண்டு நிலமும் ஒட்டியிருந்தன என்பது. இந்தியாவும் மடகஸ்காரும் ஏறத்தாழ 8 கோடி 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. பிரிந்த இந்தியா, இலங்கையையும் உடன்கொண்டு, வடக்கு நோக்கி விரைந்தது. ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்ரிமீற்றருக்கு மேல் நகர்ந்தது. பாறைக்கு இது பாய்ச்சலே. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதி இமயத்தை எழுப்பியது. நிலமே தோணியாயிற்று. அத்தோணியில் ஏறியிருந்த உயிர்களுள் ஒன்று கல்லமேட்டு முதலையின் முன்னோர். நாம் நிற்கும் ஈழத்தின் பழம்பாறையும் அதே தோணியின் தென்கோடிப் பலகை.

இவ்வளவோடு நிறுத்தினால் நானும் ஒரு அழகிய கதையைச் சொன்னவனாவேன். மாணவனுக்கு நேர்மை செய்ய வேண்டுமாயின் இதில் உள்ள முடிச்சையும் காட்ட வேண்டும். பிரிவு நிகழ்ந்தது 8 கோடி 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். பற்களோ ஏறத்தாழ 7 கோடி ஆண்டுக்குரியவை. இடையே கோடிக்கணக்கான ஆண்டுகள் தனித்தனியே வாழ்ந்தும் இரு கிளைகளும் இத்துணை ஒத்திருந்தன என்றால், அவ்விலங்கு மாறாத இயல்பினதாய் இருந்திருக்க வேண்டும். அன்றேல், பிரிந்த பின்னரும் தெற்கே அந்தாட்டிக்கா வழியாக ஏதோ ஒரு தொடர்பு சிலகாலம் நீடித்திருக்க வேண்டும். இரண்டுக்கும் ஆதரவாளர் உளர். அதே 2013இல் அதே கல்லமேட்டிலிருந்து வெளியான மற்றொரு பல் துரோடொன் இனத்துத் தைனோசோருடையது. அவ்வினம் வடகண்டங்களுக்கே உரியது என்று அதுவரை எண்ணியிருந்தனர். தெற்கிலிருந்து வந்த தோணியில் வடக்கத்தியவர் எப்படி ஏறினார்? அவ்வினம் முன்னரே உலகெங்கும் பரந்திருந்ததோ, இந்தியா நாம் எண்ணியவாறு தனிமைப்பட்டிருக்கவில்லையோ என்று அறிஞர் வாதிடுகின்றனர். பாக்கிஸ்தானின் பலோச்சிஸ்தானத்திற் கிடைத்து 2001இற் பெயரிடப்பட்ட பப்வெஷி என்னும் தரைமுதலையை முதலிற் பிறேசிலின் பௌருசூக்கஸ் குடும்பத்திற் சேர்த்தார்கள். பின்வந்தோருள் அதனை வேறிடத்தில் வைப்போரும் உளர். ஒரு பல், ஒரு மூக்கெலும்பு இவற்றைக் கொண்டு கண்டங்களின் வரலாற்றை எழுதுகின்றவர்கள் அடிக்கடி எழுதியதை அடித்துத் திருத்த வேண்டியிருக்கின்றது. அடித்துத் திருத்திய தாளை மறைக்காமல் வைத்திருப்பதே அவர்களிடம் எனக்கு உள்ள மதிப்புக்குக் காரணம்.

முதலை மற்றொரு பாடத்தையும் கற்பிக்கின்றது. கண்டம் நகர்ந்தது என்று அறிந்தவுடன் எல்லாவற்றுக்கும் அதனையே காரணம் சொல்லத் தொடங்குவோமாயின், மூழ்கிய கண்டத்தை நம்பியவர்க்கும் நமக்கும் வேறுபாடில்லை. இன்று வாழும் முதலைப் பேரினமாகிய குறொக்கொடைலஸ் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் உண்டு. அத்திலாந்திக் பிளந்து விரிந்தமையால் இது நேர்ந்ததென்று சொல்லத் தோன்றும். ஆனால் இப்பேரினம் தோன்றியபோது அத்திலாந்திக் ஏற்கெனவே அகன்ற கடல். லிபியாவின் சகாபி என்னுமிடத்திற் கிடைத்த ஏறத்தாழ 70 இலட்சம் ஆண்டுப் பழைமையுள்ள முதலை மண்டையோடுகளை ஆராய்ந்தோர், அது அமெரிக்க முதலைகளுக்கு நெருங்கிய உறவு என்று 2020இல் எழுதினர். அதாவது ஆபிரிக்க முதலை அத்திலாந்திக்கை நீந்திக் கடந்திருக்கின்றது.

நம்ப முடியாத செய்தி போலத் தோன்றும். உயிருள்ள முதலையைப் பார்த்தால் நம்பலாம். செம்மூக்கு முதலையின் நாவில் உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் உள்ளன என்று 1981இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் தப்ளினும் கிறிக்கும் காட்டினர். அவுஸ்திரேலியாவின் வடமுனையில் அம்முதலைகளுக்கு ஒலிக்கருவி பொருத்திப் பின்தொடர்ந்தோர் 2010இல் வெளியிட்ட செய்தி இன்னும் சுவையானது. ஒன்று 25 நாளில் 590 கிலோமீற்றர் சென்றது. வலிமையால் நீந்திச் செல்லவில்லை; நீரோட்டம் தான் போக விரும்பும் திசையில் ஓடும்போது அதில் மிதந்து சென்று, எதிர்த்து ஓடும்போது கரையேறிக் காத்திருந்தது. வல்வெட்டித்துறைக் கடலோடிகள் வாடையும் சோளகமும் பார்த்துப் பாய் விரித்த கலையை முதலை அவர்களுக்கு முன்பே அறிந்திருக்கின்றது! அமெரிக்காவிலும் சீனத்திலும் உள்ள அலிகேற்றர் என்னும் சுற்றத்துக்கு அச்சுரப்பி தொழிற்படுவதில்லை. அதனால் அது பெருங்கடல் கடந்ததில்லை, வடகண்டங்களின் நிலவழியே பரவியது. நாவின் நுண்சுரப்பி ஒன்று ஒரு குலத்தின் உலகப் படத்தைத் தீர்மானித்துவிட்டது.

கங்கையில் வாழும் நீள்மூக்கு முதலையாகிய கரியால் இன்னும் நுட்பமான சான்று. இன்று அது ஆற்றைவிட்டு நீங்காது. தரையிற் செவ்வையாக நடக்கவும் மாட்டாது. ஆயின் அதன் பழஞ்சுற்றத்தின் எலும்புகள் தென்னமெரிக்காவிலும், கரிபியத் தீவான போட்டோ றிக்கோவிலும் கிடைக்கின்றன. தீவிற் கிடைத்ததைப் பற்றிய ஆய்வு 2007இல் வெளியாயிற்று. முன்னோர் கடலோடிகளாய் இருந்திருக்க வேண்டும். வழித்தோன்றலின் இன்றைய ஒழுக்கத்தைக் கொண்டு முன்னோர் எதைச் செய்ய வல்லவர், எதைச் செய்ய மாட்டார் என்று தீர்ப்பது எத்துணைப் பிழை என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. வரலாறு எழுதுவோரும் இதைச் சற்றே நினைப்பது நன்று.

நம் இலங்கைக்கு முதலை வந்த வழி இவ்விரண்டினின்றும் வேறு. இங்கே இரு வகை முதலைகள் உள்ளன. செம்மூக்கு முதலை கடல்வழி வரக்கூடியது. வில்பத்து, யால முதலிய இடங்களின் குளங்களிற் காணும் நன்னீர் முதலை அத்தகையதன்று. இந்தியா முழுதும் பரந்து ஈரான்வரை வாழும் இனம் அது. அது இங்கே நடந்து வந்தது என்றே கொள்ள வேண்டும். கடைசிப் பனியூழியின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றையினும் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. ஆழங்குறைந்த பாக்குநீரிணை முழுதும் அன்று தரை. அதற்கு முந்திய பனியூழிகளிலும் அவ்வாறே. இரத்தினபுரிக் கற்சுரங்கங்களின் சரளையில் நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் இவற்றின் எலும்புகளைக் கண்டு போல் தெரணியகல எழுதினார். இன்று இத்தீவிற் காட்டிலே இல்லாத அவ்விலங்குகளெல்லாம் அவ்வழியே வந்தவை. குறிஞ்சிப்பாட்டு முதலை, இடங்கர், கராம் என மூன்று பெயர்களை அடுத்தடுத்து வைக்கின்றது. புலவர் மூன்று வகையைக் கண்டு பிரித்தறிந்தார் போலும். எது எதுவென்று இன்று உரைகாரரிடம் கேட்பதைவிட ஆற்றங்கரையிற் கேட்பது பயன்தரும்.

ஆக, ஒரே குலம் மூவகை வழியில் பரந்திருக்கின்றது. நிலம் ஏற்றிச் சென்றது ஒன்று. கடல் வற்றி வழிவிட்டது ஒன்று. தானே நீந்திச் சென்றது ஒன்று. எந்த முதலைக்கு எந்த வழி என்பதை அதன் நாவும் பல்லும் காலும், கிடைத்த பாறையின் வயதும் சேர்ந்து சொல்லும். வயதைக் கேளாமல் விடை கூறுவதே நாங்கள் செய்த பிழை. ஸ்கிளேற்றரின் தேவாங்கையும், கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட நிலப்பிரிவையும், சில ஆயிரம் ஆண்டுக்குட்பட்ட மனிதர் நினைவையும் ஒரே படத்தில் வரைந்துவிட்டோம்.

இப்படிச் சொன்னால் தமிழின் தொன்மைக்கு இழுக்கு என்று வருந்தும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களில் ஒருவர் சென்ற மாதம் வாசிகசாலையில் என்னோடு இரண்டு மணிநேரம் பொருதார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகின்றேன். பழந்தமிழ் நூல்கள் கடல் நிலத்தைக் கொண்டது என்கின்றன. கொண்டது உண்மைதான். பனி உருகி நீர் ஏறியபோது பாக்குநீரிணை நிலம் முழுதும் கடலாயிற்று. சோழமண்டலக் கரையும் பாண்டிநாட்டுக் கரையும் உள்வாங்கின. 2004ஆம் ஆண்டு மார்கழியில் ஒரு காலைப் பொழுதில் கடல் என்ன செய்யும் என்பதை மணற்காட்டிலும் முல்லைத்தீவிலும் கண்டவர்க்குப் புலவர் வாக்கை விளக்க வேண்டுவதில்லை. ஆனால் அப்புலவர் எவரும் மடகஸ்காரைப் பற்றிப் பேசவில்லை. அதனை அவர் வாயில் இட்டவர்கள் நாம். அவருடைய சொல்லை ஆங்கிலேயர் ஒருவரின் கைவிடப்பட்ட கருதுகோளோடு கட்டிவைத்தால், கருதுகோள் விழும்போது சொல்லும் விழும். கட்டை அவிழ்ப்பதே புலவருக்கு நாம் செய்யும் மரியாதை. நண்பர் ஒப்பவில்லை, தேநீருக்கு மட்டும் அவரே காசு கொடுத்தார்.

இனி, நம் காலடிக் கல்லுக்கு வருவோம். மருதனார்மடத்துக் கிணற்றுச் சிப்பிக்கும் மூழ்கிய கண்டத்துக்கும் உள்ள உறவு தலைகீழானது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் மயோசீன் காலத்தது. 2 கோடி 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்துள், வெதுவெதுப்பான ஆழமற்ற கடலின் தளத்தில் சிப்பியும் பவளமும் நுண்ணுயிர்க் கூடுகளும் படிந்து உண்டானது. பின்னரே அது கடலைவிட்டு மேலெழுந்தது. நிலம் கடலானதற்கு அன்று, கடல் நிலமானதற்கே அந்தச் சிப்பி சான்று. 1923இல் வேலண்டும் டேவிஸும் இக்கல்லைப் பற்றி இலண்டனில் எழுதினர். கேரளத்துக் கொல்லத்தின் சுண்ணக்கல்லிற் கிடைக்கும் நுண்கூடு ஒன்று இங்கும் கிடைக்கின்றது. மன்னார்க் குடாவின் இரு கரையும் அன்று ஒரே கடலின் கரைகள். இக்கல்லில் தைனோசோரையும் கல்லமேட்டு முதலையையும் தேடுவது வீண். அவை மாண்டு 4 கோடி ஆண்டுக்கு மேற் கழிந்த பின்னரே இக்கல் பிறந்தது. இலங்கையிற் பழைய கோண்டுவானாவின் சுவட்டைத் தேடுவோர் புத்தளத்துக்கு அண்மையிலுள்ள தப்போவவுக்குச் செல்ல வேண்டும். யுராசிக் காலத் தாவரங்களின் இலைப்பதிவுகள் அங்கு உள்ளன.

நம்மவர் இக்கல்லை அறிந்த முறை வேறு. கிணறு வெட்டினோம், மதில் கட்டினோம், சுட்டுச் சுண்ணாம்பாக்கி வெற்றிலைக்குத் தடவினோம். கீரிமலையிலும் நிலாவரையிலும் கல்லின் குடைவுவழியே நீர் வருவதைக் கண்டு வியந்தோம். நிலாவரையின் அடியில் உவர்நீர் உண்டு என்பதையும் அறிந்தோம். 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 வரை இக்கல்லையே அகழ்ந்து அரைத்தது. அங்குள்ள பெருங்குழிகளை இன்றும் காணலாம். அத்தனை ஆண்டு அகழ்ந்த கல்லில் எத்தனை பாடசாலைகள் ஒரு துண்டை எடுத்து, இடமும் ஆழமும் எழுதி, அலுமாரியில் வைத்தன? நான் கற்பித்த பாடசாலையில் ஒன்றுகூட இல்லை. அங்கே கண்ணாடிக் குடுவையில் பாம்பு இருந்தது. சுவரிலே தைனோசோர்ப் படம் இருந்தது. காலடிக் கல் இல்லை. அரியலூரிலும் சீமெந்து ஆலைகளே சுண்ணக்கல்லை அகழ்கின்றன. அகழ்வதாலேயே பல உயிர்ச்சுவடுகள் வெளிப்பட்டன என்பதையும், வெளிப்பட்டவற்றுட் பெரும்பாலன அரைவைக்குள் போயிருக்கும் என்பதையும் ஒருங்கே நினைக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் பெரிதன்று. குடாநாட்டில் ஆண்டுதோறும் கிணறு வெட்டுகின்றார்கள், குழாய்க்கிணறு துளைக்கின்றார்கள், அத்திவாரம் தோண்டுகின்றார்கள். வெளிவரும் கல்லில் ஒரு துண்டு, ஊர்ப்பெயர், ஆழம், நாள். இவ்வளவும் எழுதி வைத்தாற் போதும். பத்து ஆண்டில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லாத ஒரு தொகுப்பு நம் பாடசாலைகளில் இருக்கும். இலக்கிய வட்டத்தார்க்கும் ஒரு வேலை உண்டு. உயிர்ச்சுவடு, கண்டநகர்வு, புவிச்சரிதவியல் என்று நல்ல சொற்கள் நம்மிடம் உள. அவற்றைப் பரீட்சைத் தாளுக்கு வெளியே எவரும் எடுப்பதில்லை. கல்லமேட்டு முதலையைப் பற்றி ஒரு நல்ல தமிழ்க் கட்டுரை வேண்டிப் பல மாதம் தேடினேன். என் கண்ணில் பட்டவையெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழகத்து மண்ணிற் கிடைத்த பல்லைத் தமிழன் ஆங்கிலத்தில் அறிய வேண்டியிருப்பது, மூழ்காத கண்டமொன்றையும் நாம் இழந்துகொண்டிருக்கிறோம் என்று என்னை எண்ண வைக்கின்றது.

காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023இல் கப்பல் ஓடத் தொடங்கியது. பின்னர் நின்றும் ஓடியும் வருகின்றது. நாகையிலிருந்து அரியலூர் ஒரு பகற்பயணம். திருவாரூர்த் தேரும் தஞ்சைப் பெருங்கோயிலும் காண்பதற்குச் செல்லும் நம்மவர், ஒரு நாளைக் கல்லமேட்டுக்கு ஒதுக்கலாம். பார்ப்பதற்கு அங்கே கோபுரம் இல்லை. வெயிலில் வெடித்த களிமண்ணும் முட்செடியுமே இருக்கும். குனிந்து பார்ப்பவனுக்கு மட்டும் உரிய ஊர் அது.

கிணற்றுத் துண்டு என் மேசையில் இருக்கின்றது. மருதனார்மடம், 22 அடி ஆழம் என்று எழுதி ஒட்டியிருக்கின்றேன். பையன் சென்ற ஞாயிறு வந்தான். சிப்பியின் கதையையும் முதலையின் கதையையும் இரண்டு மணிநேரம் கேட்டிருந்தான், இடையிலே ஒருமுறை, "அப்ப சேர், நீங்கள் எங்களுக்கு முந்திச் சொன்னது பிழையோ?" என்றான். ஓம் என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, அந்தத் துண்டைத் தன் பாடசாலைக்குக் கொண்டுபோகலாமோ என்று கேட்டான். ஒட்டிய தாளைக் கிழிக்காதே என்று சொல்லிக் கொடுத்தேன். அடுத்த கிணறு இணுவிலில் வெட்டுகிறார்கள், அங்கேயும் போகப் போகிறான்.